டிவி உரிமையைத் தனித்தனியாக விற்பதா, ஒன்றாக விற்பதா? என்எஃப்எல் போட்ட கணக்கு

ஒரு லீக்கில் பதினான்கு கிளப்கள். ஆட்டங்களை டிவிக்கு விற்க வேண்டும். டிக்கெட் வசூலே போதும் என்று கேமராவை வாசலில் நிறுத்திவிடலாம். ஒவ்வொரு கிளப்பும் தன் ஆட்டத்தைத் தானே விற்றுக்கொள்ளலாம். லீக் மொத்தமாக விற்று எல்லோருக்கும் சமமாகப் பிரிக்கலாம். பெரிய ஒப்பந்தத்தைப் பொதுவில் வைத்து, சில்லறை வருமானத்தைக் கிளப்புக்கே விடலாம். அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து (நாம் ஆடும் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம்), அதன் பெரிய லீக்கான என்எஃப்எல் வழியாக இந்த நான்கையும் செய்து பார்த்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் எங்கே பணம் வந்தது, எங்கே கையைச் சுட்டது என்பதற்குப் பதிவு இருக்கிறது. புதிதாக ஒரு லீக் தொடங்குகிறவருக்கும், இருக்கிற லீக்கின் விதிகளைத் திருத்துகிறவருக்கும் இதைவிட நல்ல பரிசோதனைக்கூடம் கிடையாது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மொத்தமாக விற்றுச் சமமாகப் பிரிப்பதுதான் நீண்ட நாள் ஓட்டத்தில் அதிகப் பணம் தந்தது. ஆனால் அதற்கு மூன்று துணை விதிகளும் ஒரு சட்ட விலக்கும் தேவைப்பட்டன. இன்னொன்று, அந்த முடிவை டிவி பணம் சிறிதாக இருக்கும்போதே எடுத்துவிட்டார்கள். பணம் பெரிதான பிறகு இதே தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விட்டிருந்தால் நிறைவேறியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

டிக்கெட் மட்டும் போதும் என்றால்

1892 நவம்பர் 12 அன்று பிட்ஸ்பர்க்கில் நடந்த ஓர் ஆட்டத்துக்கு அலெகெனி தடகளச் சங்கம் பட்ஜ் ஹெஃபல்ஃபிங்கர் என்பவருக்கு 500 டாலர் கொடுத்தது. காசுக்கு ஆடியதற்கு ஆதாரத்தோடு கிடைக்கும் முதல் கணக்கு அதுதான். அந்தக் காலத்து வரவு என்றால் வாசலில் விழும் காசு மட்டுமே. 1920 செப்டம்பர் 17 அன்று ஓஹையோ மாநிலம் கேன்டன் நகரில், ரால்ஃப் ஹே என்பவரின் கார் ஷோரூமில் கூடி லீக்கை அமைத்தபோதும் நிலைமை மாறவில்லை. நுழைவுக் கட்டணம் 100 டாலர் என்று நிர்ணயித்தார்கள். அதையும் யாரும் கட்டியதாகத் தெரியவில்லை என்று டெகேட்டர் அணியை நடத்திய ஜார்ஜ் ஹாலஸ் பின்னாளில் சொன்னார். 1922-ல் அதன் பெயர் என்எஃப்எல் ஆனது.

வருகிற அணிக்கு உத்தரவாதத் தொகை என்று ஒன்றை முன்கூட்டியே பேசிக்கொள்வார்கள். மழை வந்தாலும் கூட்டம் வராவிட்டாலும் உள்ளூர் கிளப் அதைக் கொடுத்தாக வேண்டும். அதனால் எல்லோரும் பெரிய ஊரில் ஆடவே விரும்பினார்கள். சின்ன ஊருக்குப் போக யாருக்கும் மனம் இல்லை. ஸ்டார்ச் கம்பெனி நடத்திய டெகேட்டர் அணி 1921-ல் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்ததும் இதனால்தான். முதலாளி ஸ்டேலி, ஹாலஸ் கையில் 5,000 டாலர் கொடுத்து, ஒரு சீசனுக்குக் கம்பெனிப் பெயரை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார். அந்த அணிதான் சிகாகோ பேர்ஸ். (லாரூ என்ற குக்கிராமத்தின் அணி வேறு ரகம்: வேட்டை நாய் வியாபாரி ஒருவர் தன் நாய்களுக்கு விளம்பரமாக 1922-லும் 1923-லும் அதை நடத்தினார்.)

வாசல் வசூலை நம்பும் லீக்குக்கு ஒரு நட்சத்திரம் போதும், ஒரு சீசனைக் காப்பாற்ற. 1925 டிசம்பர் 6 அன்று ரெட் கிரேஞ்சைப் பார்க்க நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸில் சுமார் 70,000 பேர் திரண்டார்கள். அந்த ஒரு நாள் வசூலில் ஜயன்ட்ஸ் கிளப்பின் அந்த வருட நஷ்டம் அடைபட்டது. அடுத்த ஆண்டே கிரேஞ்சும் அவருடைய மேலாளர் பைலும் போட்டி லீக் தொடங்கிவிட்டார்கள். நட்சத்திரத்தை நம்பினால் நட்சத்திரம் விலகும்போது லீக்கும் ஆட்டம் காணும். 1926-ல் 22 அணிகள், 1927-ல் 12, 1932-ல் 8. கடைசியில் சின்ன ஊர்களில் கிரீன் பே மட்டுமே மிஞ்சியது. அதுவும் 1923-ல் ஊர்க்காரர்களுக்கு 5 டாலர் வீதம் பங்குகளை விற்றுப் பிழைத்துக்கொண்ட கிளப்.

பெரிய ஊரில் ஆடும் ஏழெட்டு கிளப்கள் மட்டும் இருந்தால் போதும் என்றால் இந்த வழி இன்றும் செல்லும். நாடு தழுவிய லீக் வேண்டுமென்றால் செல்லாது.

தனித்தனி விற்பனை

டிவி வந்ததும் கிளப்கள் இயல்பாகவே இந்த வழியில்தான் போயின. 1939 அக்டோபர் 22 அன்று புரூக்ளினில் நடந்த ஆட்டத்தை என்பிசி என்ற ஒளிபரப்பு நிறுவனம் காட்டியபோது நியூயார்க்கில் இருந்த டிவி பெட்டிகளே ஆயிரம் அளவில்தான் இருக்கும். போருக்குப் பிறகு பெட்டிகள் பெருகின. லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் 1950-ல் துணிந்து எல்லா ஆட்டங்களையும், சொந்த ஊரில் நடப்பவை உட்பட, ஒளிபரப்ப விட்டது. டிவி பெட்டி தயாரிக்கும் அட்மிரல் கம்பெனி விளம்பரதாரர். டிக்கெட் வருமானம் குறைந்தால் ஈடுகட்டுவதாக அது ஒப்புக்கொண்டிருந்தது. முந்தைய ஆண்டு சொந்த மைதானத்துக்கு வந்தவர்கள் சுமார் 2,05,000 பேர். 1950-ல் அது சுமார் 1,10,000. அட்மிரல் 3,07,000 டாலர் எண்ணிக் கொடுத்தது. அடுத்த ஆண்டு உள்ளூர் ஒளிபரப்பை நிறுத்தியதும் கூட்டம் மறுபடியும் இரண்டு லட்சத்தைத் தாண்டியது.

இதிலிருந்து பிறந்ததுதான் பிளாக்அவுட் விதி: சொந்த ஊரில் ஆட்டம் நடக்கும் நாளில் சுற்றுவட்டாரம் 75 மைலுக்குள் டிவியில் என்எஃப்எல் ஆட்டம் கிடையாது. அரசு வழக்குத் தொடுத்தது. 1953 நவம்பரில் பிலடெல்ஃபியா மத்திய நீதிமன்ற நீதிபதி ஆலன் கிரிம் ஒரு கோடு கிழித்தார். வாசல் வசூலைக் காக்க உள்ளூர் ஆட்டத்தன்று தடை போடுவது நியாயம். உள்ளூர் அணி வெளியூர் போயிருக்கும் நாளில் மற்ற கிளப்பின் ஒளிபரப்பைத் தடுப்பது நியாயமில்லை. இந்தத் தீர்ப்பு எட்டு ஆண்டு கழித்து லீக்கின் கழுத்தைப் பிடிக்கப்போகிறது.

தனி விற்பனையின் நன்மையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. முடிவு சீக்கிரம் எடுக்கலாம். உள்ளூர் பீர் கம்பெனியும் பெட்ரோல் கம்பெனியும் நேரே பேரம் பேசும். சுறுசுறுப்பான உரிமையாளர் தனக்கென ஒரு வட்டாரத்தையே கட்டிக்கொள்வார். கிளீவ்லண்ட் பிரௌன்ஸ் சொந்த ஒளிபரப்பு வலையை வைத்திருந்தது. வாஷிங்டன் அணியின் ஜார்ஜ் பிரெஸ்டன் மார்ஷல் தென் மாநிலங்கள் முழுவதையும் தன் சந்தையாக்கினார்.

அதற்குக் கொடுத்த விலை வேறு விதத்தில் வந்தது. தென் மாநில வெள்ளையர் சந்தையைக் குறிவைத்த மார்ஷல், 1962 வரை ஒரு கறுப்பின வீரரைக்கூடச் சேர்க்கவில்லை. லீக்கில் கடைசியாக மாறிய கிளப் அதுதான். அதுவும் உள்துறைச் செயலாளர் ஸ்டூவர்ட் உடால், அரசு நிலத்தில் கட்டிய மைதானத்தைக் காட்டி நெருக்கிய பிறகு. ஒரு கிளப்பின் உள்ளூர் வியாபாரம் லீக் முழுவதன் பெயரையும் இழுத்துக்கொண்டு போகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

சிகாகோவில் இன்னொரு சிக்கல். பேர்ஸ், கார்டினல்ஸ் என்று ஒரே ஊரில் இரண்டு கிளப்கள். ஒன்று வெளியூர் போனால் மற்றொன்று உள்ளூரில் ஆடும். அந்தத் தடையால் இதன் ஒளிபரப்பும் அடைபடும். நாட்டின் மிகப் பெரிய டிவி சந்தைகளில் ஒன்று ஞாயிறுதோறும் வெற்றுத் திரையாகக் கிடந்தது. 1960-ல் கார்டினல்ஸ் செயின்ட் லூயிசுக்குப் போனதும்தான் முடிச்சு அவிழ்ந்தது.

அந்த 1960-ல் நிலவரம் இது: சில கிளப்கள் தனித்தனியாக சிபிஎஸ் நெட்வொர்க்குடன், பால்டிமோரும் பிட்ஸ்பர்க்கும் என்பிசியுடன், கிளீவ்லண்ட் சொந்த வலையுடன். நியூயார்க்கை வாங்க எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். கிரீன் பேயை யார் வாங்குவார்கள்? அங்கே டிவி பெட்டிகள் எத்தனை என்றுதான் விளம்பரதாரர் முதலில் கேட்பார். இன்னொரு நுணுக்கம் உண்டு. நியூயார்க் தன் ஆட்டத்தை விற்கும்போது எதிரே ஆடும் கிரீன் பேயையும் சேர்த்தே விற்கிறது. எதிரணி இல்லாமல் ஆட்டம் ஏது? விற்கும் பண்டத்தில் பாதி அடுத்தவனுடையது. காசு மட்டும் ஒருவனுக்கு. மொத்த விற்பனைக்கு ஆதரவாக எத்தனை வாதம் அடுக்கினாலும் இதைவிட வலுவான வாதம் இல்லை.

மொத்த விற்பனை

இதை முதலில் செய்தது என்எஃப்எல் அல்ல. லாமர் ஹன்ட் 1959-ல் தொடங்கிய போட்டி லீக்கான ஏஎஃப்எல், 1960-ல் ஏபிசி நெட்வொர்க்குடன் ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டு, வந்த பணத்தை எட்டு அணிகளுக்கும் சமமாகப் பிரித்தது. இழக்க ஒன்றும் இல்லாதவர்களுக்குச் சமத்துவம் எளிது. ஜயன்ட்ஸ், பேர்ஸ், ராம்ஸ் போன்ற பெரிய சந்தைக் கிளப்கள் இருக்கும் லீக்கில் இதை நிறைவேற்றுவதுதான் கடினம்.

1959 அக்டோபரில் என்எஃப்எல்லின் தலைமை நிர்வாகியான கமிஷனர் பெர்ட் பெல் மைதானத்திலேயே மாரடைப்பில் இறந்தார். 1960 ஜனவரியில் 23-வது சுற்று வாக்கெடுப்பில் 33 வயதுப் பீட் ரோசெல் தேர்வானார். அவர் செய்த காரியங்களின் வரிசை முக்கியம். முதலில் பெரிய ஊர் உரிமையாளர்களைத் தனித்தனியே சம்மதிக்க வைத்தார். நியூயார்க்கின் மாரா குடும்பம் இசைந்ததும் மற்றவர்கள் மறுக்க முடியவில்லை. பிறகு 1961-ல் சிபிஎஸ்சுடன் இரண்டாண்டு ஒப்பந்தம் போட்டார். ஜூலை 20 அன்று அதே நீதிபதி கிரிம், 1953 தீர்ப்புக்கு முரணானது என்று அதை ரத்து செய்தார். ஏஎஃப்எல் அந்தப் பழைய வழக்கில் கட்சிக்காரர் அல்ல என்பதால் அது செய்ததை என்எஃப்எல் செய்ய முடியவில்லை. ரோசெல் வாஷிங்டனுக்கு ஓடினார். செப்டம்பர் 30 அன்று அதிபர் கென்னடி கையெழுத்திட்ட சட்டம், லீக்குகள் ஒளிபரப்பு உரிமையைக் கூட்டாக விற்பதை ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து விலக்கியது. இரண்டே மாதத்துக்குச் சற்று அதிகமான காலத்தில் ஒரு சட்டம்! அதற்கு ஈடாகக் கல்லூரிக் கால்பந்துக்குப் பாதுகாப்பு கொடுக்க வேண்டியிருந்தது: அவர்களின் சீசனில் வெள்ளி மாலையிலும் சனிக்கிழமையிலும் அவர்கள் ஆட்டத்துக்கு அருகே தொழில்முறை ஆட்டத்தை ஒளிபரப்பினால் விலக்கு பொருந்தாது.

வரிசையில் நடந்த தவறும் இதுதான். ஒப்பந்தம் முதலில், சட்டம் பிறகு. அதனால் ஒரு முழு சீசன் வீணானது. விலக்கை வாங்கிய பிறகு ஒப்பந்தத்துக்குப் போயிருந்தால் 1961-லேயே பணம் வந்திருக்கும்.

வந்த பணம் எவ்வளவு? 1962-லும் 1963-லும் சிபிஎஸ் ஆண்டுக்கு 46.5 லட்சம் டாலர். 14 கிளப்களுக்குப் பிரித்தால் தலா சுமார் 3.32 லட்சம். 1964 ஜனவரியில் மூன்று நெட்வொர்க்குகளிடமும் மூடிய உறையில் விலை கேட்டார்கள். சிபிஎஸ் இரண்டாண்டுக்கு 2.82 கோடி எழுதி வென்றது. ஆண்டுக்கு 1.41 கோடி, கிளப்புக்குச் சுமார் 10 லட்சம். இரண்டே ஆண்டில் மூன்று மடங்கு. தனித்தனியாக விற்றிருந்தால் நெட்வொர்க் பதினான்கு கடைகளில் பேரம் பேசி, பிடித்ததை மட்டும் பொறுக்கியிருக்கும். ஒரே கடை என்றானதும் பேரம் பேசுவது நெட்வொர்க்குகளுக்கு இடையேதான்.

பெரிய கிளப்கள் ஏன் இசைந்தன என்பதற்குப் பெருந்தன்மையைக் காரணம் காட்டுவது வழக்கம். பெருந்தன்மை இருந்திருக்கலாம். ஆனால் 1961-ல் லீக் ஆட்டங்களுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 40 லட்சம் பேர். கிளப்பின் சோறு அப்போதும் டிக்கெட்டில்தான் வெந்தது. ஜயன்ட்ஸ் விட்டுக்கொடுத்தது மொத்த வருமானத்தில் ஒரு பங்கைத்தான். தொழில்முறை பேஸ்பாலில் கிளப்கள் உள்ளூர் ஒளிபரப்பைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டன. அந்தப் பணம் பெரிதான பிறகு அதைப் பொதுவில் கொட்டச் சொல்வது நியூயார்க் கிளப்பின் சொத்தைக் கேட்பதாகிவிட்டது.

மொத்த விற்பனை எங்கே பிசகும்

பாராட்டுகிறவர்கள் விட்டுவிடும் பக்கம் ஒன்று உண்டு. ஒரே ஒப்பந்தம் என்றால் ஒரு நெட்வொர்க் ஜெயிக்கும், இரண்டு நெட்வொர்க் வெறுங்கையோடு திரும்பும். தோற்றவர்களிடம் பணமும் இருக்கிறது, ஞாயிறு மதியம் காலி நேரமும் இருக்கிறது. 1964 ஜனவரியில் தோற்ற என்பிசி, அதே மாதத்திலேயே ஏஎஃப்எல் பக்கம் போய் 1965 முதல் ஐந்தாண்டுக்கு 3.6 கோடி டாலர் தந்தது. எட்டு அணிகளுக்கு ஆண்டுக்குத் தலா 9 லட்சம்: என்எஃப்எல் கிளப் பெறுவதற்கு ஏறக்குறைய சமம். சாகக் கிடந்த போட்டியாளருக்கு என்எஃப்எல் நடத்திய ஏலமே உயிர் கொடுத்தது.

அந்தப் பணம் நேரே வீரர்களிடம் போனது. 1965-ல் நியூயார்க் ஜெட்ஸ் ஜோ நேமத்தை 4,27,000 டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. 1966-க்கான புது வீரர்களைப் பிடிக்க இரு லீக்குகளும் சேர்ந்து செலவிட்டது 70 லட்சம் டாலர். அதே ஆண்டு மே மாதம் ஜயன்ட்ஸ், எதிர் லீக்கின் உதைப்பாளர் பீட் கோகோலாக்கை இழுத்தது. கைவசம் உள்ள வீரர்களையும் பறிக்கலாம் என்றானதும் இருபுறமும் பயம் பிடித்தது. ஜூன் 8 அன்று இணைப்பை அறிவித்தார்கள். ஏஎஃப்எல் கிளப்கள் 20 ஆண்டுகளில் 1.8 கோடி டாலர் தர வேண்டும்; 1967 முதல் ஒரே டிராஃப்ட் (புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது); 1970 முதல் ஒரே லீக். அதற்கும் நாடாளுமன்ற விலக்கு தேவைப்பட்டது. அந்த அக்டோபரில் விலக்கு கிடைத்தது. நவம்பர் 1 அன்று நியூ ஆர்லியன்சுக்கு ஒரு கிளப் கிடைத்தது. மசோதாவை நகர்த்தியவர்களில் இருவர் அந்த ஊர் இருக்கும் லூசியானா மாநிலத்துக்காரர்கள் என்பதைச் சேர்த்துப் படித்துக்கொள்ளலாம்.

1970-க்குப் பிறகு அவர்கள் செய்த திருத்தம் எல்லா லீக்குகளுக்கும் பொருந்தும். உரிமையை ஒரே கட்டாக விற்காமல் பிரித்தார்கள்: ஒரு பிரிவு சிபிஎஸ்சுக்கு, இன்னொரு பிரிவு என்பிசிக்கு, திங்கள் இரவு ஏபிசிக்கு. மூன்று நெட்வொர்க்குக்கும் வேலை கொடுத்தாயிற்று; போட்டி லீக்குக்குப் பணம் தர ஆள் கிடைப்பது கடினமானது.

கூடவே வர வேண்டிய விதிகள்

டிவி பணத்தை மட்டும் சமமாகப் பிரித்துவிட்டு மற்றதை அப்படியே விட்டால், பணக்கார ஊர் டிக்கெட் வருமானத்தால் நல்ல வீரர்களை வாங்கிவிடும். அதைத் தடுக்கும் விதிகள் என்எஃப்எல்லில் ஏற்கெனவே இருந்தன. டிராஃப்ட் 1936 பிப்ரவரியில் வந்தது: கடைசி இடம் பிடித்த அணிக்கு முதல் தேர்வு. அதை முன்மொழிந்த பெர்ட் பெல்லின் ஃபிலடெல்ஃபியாதான் கடைசி இடத்தில் இருந்தது. அது தேர்ந்தெடுத்த ஜே பெர்வாங்கர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை என்பது வேறு விஷயம். டிக்கெட் வசூலில், கழிவுகள் போக, வந்த அணிக்கு 40 சதவீதம் என்பது இரண்டாவது. எல்லா அணிகளும் சம எண்ணிக்கையில் ஆட்டங்கள் ஆடுவது மூன்றாவது. 1936-க்கு முன் அதுகூட இல்லை. அட்டவணை லீக்கின் கையில் இல்லாவிட்டால் மொத்தமாக விற்க என்ன இருக்கிறது? பெல் அட்டவணையைத் தானே போட்டார். சீசன் தொடக்கத்தில் பலவீனமான அணிகளை ஒன்றோடொன்று மோதவிட்டு, கடைசி வாரங்கள் வரை பல ஊர்களில் நம்பிக்கையை உயிரோடு வைத்தார். நெட்வொர்க் காசு கொடுப்பது அந்தக் கடைசி வாரங்களுக்குத்தான்.

பிளாக்அவுட்டும் 1961-ல் தேவைப்பட்டது. ஆனால் அதை நிரந்தர விதியாக நினைத்தது தவறு. 1973-ல், 72 மணி நேரத்துக்கு முன் டிக்கெட் தீர்ந்துவிட்டால் உள்ளூரிலும் காட்டியாக வேண்டும் என்று நாடாளுமன்றமே சட்டம் போட்டது. டிக்கெட் வருமானத்தை டிவி வருமானம் முந்திய பிறகு காலி இருக்கைக்காகத் திரையை அணைப்பதில் பொருளும் இல்லை.

கலப்பு வழி

நடைமுறையில் என்எஃப்எல் இன்று இருப்பது இதில்தான். தேசிய ஒளிபரப்பு பொது. உள்ளூர் வானொலி, சீசனுக்கு முந்தைய ஆட்டங்கள், மைதானத்தின் சொகுசு அறைகள் ஆகியவை கிளப்புக்கு. எல்லைக்கோட்டைத் தெளிவாக எழுதாவிட்டால் சண்டை வரும். 1995-ல் டல்லாஸ் உரிமையாளர் ஜெர்ரி ஜோன்ஸ் தன் மைதானத்தின் பெயரில் பெப்சியோடும் நைக்கியோடும் ஒப்பந்தம் போட்டார். லீக்கின் பொது ஒப்பந்தங்களோ அவர்களின் போட்டியாளர்களோடு. லீக் 30 கோடி டாலர் கேட்டு வழக்கு போட்டது; ஜோன்ஸ் 75 கோடி கேட்டு எதிர்வழக்கு போட்டார். அடுத்த ஆண்டு இருவரும் வாபஸ் வாங்கினார்கள், ஜோன்சின் ஒப்பந்தங்கள் நின்றன. கிளப் முத்திரை லீக்கின் சொத்து, மைதானத்தின் பெயர் கிளப்பின் சொத்து என்ற இடைவெளிக்குள் அவர் வண்டியை ஓட்டிவிட்டார்.

ஆக, கிளப்களின் சந்தைகள் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்து, எல்லாம் அருகருகே இருந்தால், தனி விற்பனையே மலிவு; சட்டச் செலவு இல்லை. ஒன்றிரண்டு பெரிய ஊர்களும் பல சிறிய ஊர்களும் என்றால் மொத்த விற்பனை. அதுவும் முதல் ஆண்டே விதிப்புத்தகத்தில். லீக் ஏற்கெனவே பத்தாண்டு ஓடி, பெரிய கிளப்கள் உள்ளூர் பணத்தில் கொழுத்துவிட்டால் முழுச் சமத்துவம் கேட்டு நேரம் வீணாக்க வேண்டாம். புதிதாக வரும் வருமானத்தை மட்டும் பொதுவில் வைக்கப் பேசுவதே நடக்கக்கூடியது.

சட்ட விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 1961 சட்டம் விளம்பரப் பணத்தில் ஓடும், பார்வையாளருக்கு இலவசமான ஒளிபரப்பை மனதில் வைத்து எழுதியது. சந்தா கட்டிப் பார்க்கும் வகையை அது காப்பதில்லை. வெளியூர் ஆட்டங்களை ஒரே சந்தாக் கட்டாக விற்றதற்கு எதிரான வழக்கில், 2024 ஜூனில் ஒரு ஜூரி என்எஃப்எல் மீது சுமார் 470 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. ஆகஸ்டில் நீதிபதி அதை ரத்து செய்தார். ஸ்ட்ரீமிங் உரிமையைச் சேர்த்து மொத்த ஒப்பந்தம் எழுதுகிறவர்கள், சந்தா பகுதியைத் தனி ஒப்பந்தமாகப் பிரித்து, அதற்கென்று தனியாகச் சட்டக் கருத்து வாங்கிக்கொண்ட பிறகே கையெழுத்திட வேண்டும்.